ஒரே குடலிறக்கத்துக்கு இரண்டு ஆலோசனைகள்: ஏற்காட்டு வாசகிக்கு ஓர் அறுவை மருத்துவரின் பதில்

கேள்வி:
ஐயா, நாங்கள் ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் குடியிருக்கிறோம். என் அப்பாவுக்கு 61 வயது. காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். ஆள் குறைந்தால் தானே மூட்டை தூக்குவார். இரண்டு வருடங்களாக வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். வேலை செய்த நாட்களில் சாயங்காலம் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். போன மாதம் ஒரு நாள் இரவு உள்ளே போகாமல் ஒரு மணி நேரம் துடித்தார். பிறகு தானாக அடங்கிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், பீடியும் உண்டு. சேலத்தில் ஒரு டாக்டர், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் முறுக்கி உயிருக்கே ஆபத்து என்றார். இன்னொருவர், அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள், காத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்றார். மூன்றாவதாகப் போன மருத்துவமனையில், ஆபரேஷனின்போது வைக்கும் வலையைத் தைப்பதா, பசையால் ஒட்டுவதா என்று ஓர் ஆய்வு நடப்பதாகவும், சம்மதித்தால் அப்பாவையும் சேர்த்துக்கொள்வதாகவும், எந்த முறை என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்வார்கள் என்றும் சொன்னார்கள். அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி நடுவில், போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கிறது. வீக்கம் உள்ளே போகாமல் உங்கள் அப்பா ஒரு மணி நேரம் துடித்த அந்த இரவைத்தான் சொல்கிறேன். அதை அந்த இரண்டு மருத்துவர்களிடமும் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுடைய ஆலோசனைகள் இவ்வளவு எட்டிப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். அவரை நேரில் தொட்டுப் பார்க்காமல் நான் எழுதும் இந்தப் பதிலைப் பரிசோதனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவது மருத்துவர் சொன்ன ஆராய்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் ஐந்து மையங்களில் தொடை இடுக்குக் குடலிறக்கம் (உங்கள் அப்பாவின் வீக்கம்போல, வயிற்றுச் சுவரின் நலிந்த இடம் வழியே குடல் பிதுங்குவது) உள்ள 720 ஆண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தும், மறுபாதியை அறுவை இல்லாமல் கண்காணித்தும் ஒப்பிட்டார்கள். முடிவு 2006-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி இருந்தவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோரும் அஞ்சுகிற அந்த விபரீதம், அதாவது குடல் வெளியே மாட்டிக்கொண்டு அவசர நிலை ஏற்படுவது, ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்கு நேரும் என்ற அளவில்தான் இருந்தது. அதற்கு முன்பு, குடலிறக்கம் என்று கண்டுபிடித்த அன்றே அறுவைக்குத் தேதி எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். நானும் அப்படி எழுதிக் கொடுத்தவன்தான். அந்த ஆய்வு வந்த பிறகு, தொந்தரவே இல்லாத ஒருவரைப் பயமுறுத்தி மேசையில் ஏற்றுவதை நிறுத்தினேன்.

ஆனால் அந்த 720 பேர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கமான வேலைகளைத் தடுக்கும் அளவுக்கு வலி இல்லாதவர்களையும், வீக்கத்தை உள்ளே தள்ளுவதில் அண்மையில் சிரமம் ஏற்படாதவர்களையும் மட்டுமே அதில் சேர்த்தார்கள். உங்கள் அப்பா சாயங்காலம் வலி தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார். போன மாதம் வீக்கம் உள்ளே போக மறுத்தது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அவரை அந்த ஆய்வில் சேர்த்திருக்க மாட்டார்கள். தன்னைப் போன்ற ஒருவரைக்கூடச் சேர்க்காத ஆய்வின் முடிவை அவருக்குப் பொருத்துவது, அடுத்த வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து இவருக்கு மாத்திரை எழுதுவதற்குச் சமம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் படிக்கும் பெண்களும் இருப்பார்கள்: அந்த ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். பெண்களுக்குத் தொடை இடுக்கில் வரும் இறக்கம் சற்றுக் கீழே, தொடைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒட்டிய குறுகிய வழியில் வருவது அதிகம்; அது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். ஆகவே காத்திருக்கலாம் என்ற அந்த அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது.

அதே ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம். காத்திருந்தவர்களில் முதல் இரண்டு ஆண்டுகளில் 23 சதவீதம் பேர் தாங்களாகவே அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளில் அது 68 சதவீதம் ஆகிவிட்டது. 65 வயதைக் கடந்தவர்களில் இன்னும் கூடுதல், 79 சதவீதம். பெரும்பாலும் வலிதான் காரணம். அவர்களில் பலராலும் அறுவையைத் தள்ளிப்போட முடிந்ததே தவிர, தவிர்க்க முடியவில்லை. இந்தப் பிற்பகுதி 2013-இல் வெளியானது. உங்களிடம் பேசிய மருத்துவர் முதல் பாகத்தை மட்டும் சொல்லியிருக்கிறார் போலும்.

முதல் மருத்துவரின் அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு, அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும். சுவீடன் நாட்டில் குடலிறக்க அறுவைகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 1992 முதல் 2005 வரை அதில் பதிவான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொடை இடுக்கு அறுவைகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்துகொண்டவர்களின் இறப்பு, அதே வயதுள்ள பொதுமக்களின் இறப்பைவிட அதிகமாக இல்லை. அவசர நிலையில் செய்துகொண்டவர்களுக்கோ அது ஏழு மடங்கு. குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டி வந்தவர்களுக்கு இருபது மடங்கு. குடல் மாட்டிக்கொள்வது அரிது, ஆனால் மாட்டிக்கொண்டால் கொடிது. ஒரு மருத்துவர் உங்களிடம் முன்பாதியைச் சொன்னார், மற்றவர் பின்பாதியைச் சொன்னார்.

இதோடு நீங்கள் குடியிருக்கும் இடத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வில் இருந்த ஒருவருக்கு நள்ளிரவில் குடல் மாட்டிக்கொண்டால், காரில் ஏறி மருத்துவமனைக்குப் போய்விடலாம். உங்கள் அப்பாவுக்கு அது நேர்ந்தால், முதலில் வண்டி கிடைக்க வேண்டும், பிறகு ஏற்காடு வர வேண்டும், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அடிவாரம், கோரிமேடு தாண்டி ஊருக்குள் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் பாறை உருண்டு கிடந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ஆய்வின் கணக்கில் மலைப்பாதை இல்லை.

இதை நான் வெறும் கற்பனையில் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து ஐம்பதைக் கடந்த ஒருவரை விடியற்காலை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். முந்தைய நாள் மாலையே வீக்கம் இறுகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தபோது சிறுகுடலில் ஒரு சாண் நீளம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் அந்தப் பகுதியைச் சுற்றி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றோம். குடல் பிழைக்குமா என்று பார்க்கும் பழைய முறை அது: நிறம் திரும்புகிறதா, பளபளப்பு வருகிறதா, லேசாக நிமிண்டினால் புழு நெளிவதுபோல் அசைகிறதா என்று பார்ப்போம். இரண்டு விரற்கடை நீளம் மட்டும் சிவந்தது. மிச்சத்தை வெட்டி எடுத்து இணைக்க வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். அரை மணி நேர அறுவையில் முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், மூன்று வாரம் படுக்கையில் இருந்தார்.

ஆகவே உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை என் கருத்து, திட்டமிட்டு அறுவை செய்துகொள்வது நல்லது என்பதே. நாளைக்கே ஓட வேண்டியதில்லை. பழம் பறிப்பு முடிந்து மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் கூடாது. அவர் நாகலூரில் மூட்டை தூக்குகிறவராக இல்லாமல், சேலம் ஐந்து ரோட்டில் கடையில் உட்கார்ந்திருப்பவராகவும், வலியே இல்லாதவராகவும் இருந்திருந்தால், இதே வயதில் இதே வீக்கத்துக்கு நானே காத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

காத்திருக்கலாம் என்ற பதில் ஒரு நோய்க்குச் சரியாக வந்துவிட்டது என்பதற்காக இன்னொன்றுக்கும் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வாய்ப் புற்றுநோயைத் தொடக்க நிலையில் வெட்டி எடுக்கும்போது, கழுத்தில் நெறிகட்டி வெளியே தெரியாதவர்களுக்கும் அந்த நெறிகளைச் சேர்த்து எடுப்பதா, பின்னால் கட்டி தெரிந்தால் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2015-இல் அதற்கு விடை சொன்னது: முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் என்று வாயில் அடக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கும் எனக்கு, வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றைவிட அந்த ஒன்று அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். குலுக்கல் என்ற சொல்தான் உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. பெற்ற தகப்பனின் சிகிச்சையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வதா என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் குலுக்கலை விட்டுவிட்டு, எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கே விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். எனக்குப் பசைமுறை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இளைஞர், ஒல்லியானவர், சர்க்கரை இல்லாதவர் வந்தால் என் கை தானாகவே பசைக்குப் போகும். பருத்த உடம்பு, பெரிய இறக்கம், இருமல் உள்ளவர் வந்தால் எதற்கு வம்பு என்று தையல் போட்டுவிடுவேன். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பசை வென்றிருக்கும். வென்றது பசையல்ல, நான் பொறுக்கியெடுத்த ஆட்கள். நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருப்பேன். உத்திரமேரூரில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்: யாருடைய சாய்வும் உள்ளே நுழையக் கூடாது. குலுக்கிப் போட்டால் இளைஞரும் முதியவரும், சர்க்கரை உள்ளவரும் இல்லாதவரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள்; மிஞ்சுகிற வேறுபாடு சிகிச்சையால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அப்படிக் குலுக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டில் எது மேல் என்பது மருத்துவ உலகுக்கே உண்மையிலேயே தெளிவாகாதிருக்க வேண்டும்; ஒன்று மேல் என்று தெரிந்த பிறகு மற்றதைக் கொடுப்பது குற்றம். உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்ட ஆய்வைப் பாருங்கள். நலிந்த இடத்தைத் தாங்கும் அந்த வலையை வைப்பதா வேண்டாமா என்று அவர்கள் குலுக்கவில்லை. வலை வைத்தால் இறக்கம் திரும்ப வருவது வெகுவாகக் குறையும் என்பது முன்பே பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. வைத்த வலையை எப்படி நிலைநிறுத்துவது என்பதைத்தான் பார்க்கிறார்கள். குடலிறக்க அறுவைக்குப் பின் சுமார் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் இடுப்பு மடிப்பில் வலி நீடிக்கிறது. அந்தப் பகுதியில் மெல்லிய நரம்புகள் மூன்று ஓடுகின்றன. தையல் ஊசி அவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பிடித்துவிடுவது அந்த வலிக்கான காரணங்களில் ஒன்று. பசையில் அந்த ஆபத்து குறையும் என்பது ஒரு தரப்பு. வலை நகர்ந்துவிடுமோ என்பது மறுதரப்பின் கவலை. இரண்டு முறைகளுமே ஏற்கெனவே பல மருத்துவமனைகளில் நடைமுறையில் இருப்பவை. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்கள் அப்பாவுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கப்போகிறது. எனவே சோதனை எலி என்ற சொல்லை இங்கே நீங்கள் விட்டுவிடலாம்.

விட்டுவிடலாம் என்றேனே தவிர, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. நம் நாட்டில் இத்தகைய ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்; யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். பதிவு எதற்கு என்றால், பிடித்த முடிவு வந்தால் வெளியிடுவது, பிடிக்காவிட்டால் பெட்டிக்குள் பூட்டுவது என்ற தந்திரத்தைத் தடுப்பதற்கு. தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவுக்கே வாசித்துக் காட்டுங்கள். ஏனெனில் சம்மதம் அவருடையது, உங்களுடையது அல்ல. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வைக்கமாட்டோம் என்ற வரி அதில் இருக்கிறதா, ஆய்வினால் கேடு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள், பசையின் விலையை உங்கள் தலையில் கட்டுவார்களா, ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் பரிசோதனைக்கு இறங்கி வரும் பேருந்துச் செலவை யார் கொடுப்பார்கள் என்று பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். முகம் சுளிக்காத இடமாக இருந்தால், என் அனுபவத்தில் ஒரு லாபமும் உண்டு: ஆய்வில் இருப்பவரைத் தேதி வைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்களை நாங்கள் தையல் பிரித்ததோடு மறந்துவிடுகிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் போகிற இடத்தில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். துளை வழியே செய்வது புதியது, ஆகவே மேல் என்ற எண்ணம் ஊரில் ஊறிக் கிடக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அந்த வழியில் கருப்பையை எடுப்பதைப் பல நாடுகளில் மேலான முறையாகக் கருதிச் செய்துவந்தார்கள். 2018-இல் 631 பெண்களைக் கொண்ட ஆய்வு வெளியானபோது, வயிற்றைத் திறந்து செய்தவர்களில் நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96.5 சதவீதம், துளை வழியே செய்தவர்களில் 86 சதவீதம் என்று தெரிந்தது. ஒரே ஆய்வு, அதுவரை சென்ற பாதையைத் திருப்பிவிட்டது.

குடலிறக்கத்தில் கதை வேறு. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 2,000 ஆண்களைப் பார்த்ததில், இரண்டு ஆண்டுகளுக்குள் இறக்கம் திரும்ப வந்தது துளை வழி முறையில் 10.1 சதவீதம், திறந்த முறையில் 4.9 சதவீதம். ஆனால் உள்ளே இன்னொரு செய்தி இருந்தது: 250-க்கும் மேற்பட்ட துளை வழி அறுவைகளைச் செய்து கை பழகிய மருத்துவர்களிடம் அந்த அளவு ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்தை யார் கொடுத்தாலும் மருந்துதான். அறுவையில் கையும் மருந்தின் ஒரு பாகம். ஆகவே உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகிறவரிடம், ஐயா, இந்த முறையில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கணக்கு வைத்திருப்பவர் சொல்வார்.

வலையின் விலையைச் சொல்லியும் குழப்புவார்கள். இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. மகாராஷ்டிரத்தில் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், விலை கொடுத்து வாங்க முடியாத ஏழைகளுக்காக, கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். கரூர்ப் பக்கம் கொசுவலை நெய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அதிசயமாக இராது. ஆனால் பெரிய மருத்துவமனைகளில் அப்போது சிரித்தவர்கள் உண்டு. பிற்பாடு உகாண்டாவில் 302 ஆண்களை வைத்து, மலிவு வலையையும் விலையுயர்ந்த வலையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். 2016-இல் முடிவு வந்தபோது, ஓராண்டில் மலிவு வலைக் குழுவில் ஒரே ஒருவருக்குத்தான் இறக்கம் திரும்பியிருந்தது. மற்றக் குழுவில் யாருக்கும் இல்லை. பேசும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. அதற்காக வீட்டுக் கொசுவலையை எடுத்துக்கொண்டு யாரும் மருத்துவமனைக்குப் போக வேண்டாம். எந்த நூல், எவ்வளவு கண் இடைவெளி, எப்படிக் கிருமி நீக்குவது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. ஆனால், ஐயா, இறக்குமதி வலை போட்டால்தான் நிற்கும் என்று சொல்லி யாராவது கட்டணத்தை ஏற்றினால், இந்தச் செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த மருத்துவமனையில், குடலிறக்க அறுவைக்கு முந்தைய இரவு சவரத் தொழிலாளி ஒருவர் வார்டுக்கு வருவார். ஒரே கத்தி, ஒரே கிண்ணம். வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்குத் தொப்புளிலிருந்து தொடை வரை மழித்துக்கொண்டே போவார். மறுநாள் பார்த்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், அதில் கிருமி. மழிப்பதால் சீழ் கூடுகிறது என்று 1971-லேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது: கத்தியால் மழித்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குப் புண் சீழ்பிடித்தது, மழிக்காதவர்களிலும் முடிநீக்கும் களிம்பு பூசியவர்களிலும் 0.6 சதவீதம் மட்டுமே. நான் சொல்லும் அந்த இரவுகள் அதற்கு வெகுகாலம் பின்னால். அச்சிட்ட தாளிலிருந்து வார்டுக்கு வந்துசேர அந்த உண்மைக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன, இன்னும் சில இடங்களுக்கு வந்துசேரவில்லை. ஆகவே உங்கள் அப்பாவைக் கத்தியால் மழிக்க யாராவது வந்தால், தேவையென்றால் கிளிப்பரால் கத்தரித்துவிடுங்கள் போதும் என்று மரியாதையாகச் சொல்லலாம். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பதும் இப்படிப்பட்ட பழைய வழக்கம்தான். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரையும், தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரையும் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், அன்று காலை எதை நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அறுவைக்கு நான்கு வாரம் முன்பு நிறுத்தினாலே புண் சீழ்பிடிப்பது குறைகிறது என்பதற்கு ஆய்வு உண்டு. இருமல் குறைந்தால் புதிதாக வைத்த வலையின் மேல் விழும் அழுத்தமும் குறையும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளட்டும். அது கட்டுக்குள் இல்லையென்றால் தேதியைச் சில வாரம் தள்ளுவதில் தவறில்லை. அறுவைக்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கும்போது வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்றுதான் 2018-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. காபி மூட்டைக்கு மட்டும் நான் ஆறு வாரம் கேட்பேன். அதற்கு ஆய்வைவிட என் பயம்தான் காரணம் என்பதையும் மறைக்கவில்லை.

தேதி வரும் வரை ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். வீக்கம் மறுபடியும் உள்ளே போகாமல் இறுகினால், தொட்டால் உயிர் போகிறது என்று அவர் சொன்னால், மேல்தோல் சிவந்தால், வாந்தி வந்தால், வயிறு உப்பினால், அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். 108-க்கு அழைத்துவிட்டு, அது வரும்வரை வீட்டில் காத்திராமல், தெரிந்தவர் வண்டியில் ஏற்காடு வரையாவது எதிரே கொண்டுவந்துவிடலாமா என்று அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த வண்டி, யாருடைய எண் என்பதை இன்றே பேசி, சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்; மழைக்காலத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை.